வாசகர் கேள்வி–பதில்: ஒருநாள் சமைத்து வாரம் முழுக்கச் சாப்பிட, எண்ணெய் குறைந்த சில்லி

சென்ற இதழின் சமையல் பக்கத்தில் சில்லி பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. ராஜ்மா, தக்காளி, கொத்துக்கறி, சீரகம், மிளகாய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதித்துக் கெட்டியாகும் உணவு அது. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில், பலரும் கேட்டிருந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘சில்லி கான் கார்னே’ என்ற ஸ்பானியப் பெயருக்கு ‘இறைச்சி சேர்ந்த மிளகாய்’ என்று பொருள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1977இல் இதைத் தன் மாநில உணவாக அறிவித்தது. அங்கே ராஜ்மா போன்ற பீன்ஸ் வகை எதுவும் போடாமல் செய்வதே வழக்கம். நார்ச்சத்தும் வயிறு நிறைவும் வேண்டும் என்கிறவர்களுக்கு பீன்ஸ் போட்டதுதான் பொருந்தும் என்பதால் இங்கே சொல்வதெல்லாம் பீன்ஸ் சில்லிக்கான முறை.

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போக, ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாகச் செய்துவைக்க வேண்டும். எண்ணெய் குறைவாகவும் புரதம் நிறையவும் இருக்க வேண்டும். ஆறு பங்குக்கு அளவோடு சொல்லுங்கள்.
— அலுவலகம் செல்லும் வாசகி

முந்தின இரவே 200 கிராம் காய்ந்த ராஜ்மாவை 1 லிட்டர் தண்ணீரில் 1 டேபிள்ஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் போடும் உப்பு தோலை மிருதுவாக்கத்தான் செய்கிறது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசி, புதுத் தண்ணீரில் முழுதாக வேகவைத்துக்கொள்ளுங்கள். வெந்தபின் ஏறக்குறைய 500 கிராம் இருக்கும். வெந்த தண்ணீரில் ஒரு கப் மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை: தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியின் கொத்துக்கறி 500 கிராம், வெங்காயம் 300 கிராம், குடைமிளகாய் 300 கிராம், துருவிய கேரட் 100 கிராம், பழுத்த தக்காளி 800 கிராம், பூண்டு 20 கிராம், தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 3 டீஸ்பூன். மசாலாவுக்குக் காரமான மிளகாய்த்தூள் 1½ டீஸ்பூன், காரமில்லாத பாப்ரிகா தூள் 1 டேபிள்ஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம் 1 டேபிள்ஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், உலர்ந்த ஆரிகானோ 1 டீஸ்பூன். உப்பு மொத்தமாக 1½ டீஸ்பூன்.

நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. அதனால்தான் வெந்ததும் வறண்டு மணல்போல் ஆகிறது. கால் டீஸ்பூன் சமையல் சோடாவை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கறியில் பிசறிக் கால்மணி நேரம் வைத்தால் ஈரம் கறிக்குள்ளேயே நிற்கும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். இந்த அளவுக்குமேல் சோடா போனால் சோப்பு வாடை வந்துவிடும்.

அடுத்தது வறுப்பது. எண்ணெயைக் குறைத்துச் செய்யும்போது மொத்த ருசியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அடி கனமான, 5 லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து 1 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, கறியில் பாதியை மட்டும் போட்டுப் பரப்பிவிடுங்கள். கரண்டியை வைத்துவிட்டு 3 நிமிடம் தொடாமல் இருங்கள். முதலில் தண்ணீர் கொதிப்பதுபோல் சளசளவென்று சத்தம் வரும். கறியிலிருந்து இறங்கிய நீர் வற்றியதும் அந்தச் சத்தம் மாறி, சுருக்கமாகச் சடசடவென்று பொரியத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்த பிறகு புரட்டினால் அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும். 500 கிராமையும் ஒரே தடவையில் கொட்டினால் பாத்திரத்தின் சூடு இறங்கிக் கறி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். பிறகு எவ்வளவு மசாலா போட்டாலும் ஈடாகாது. இரண்டு தவணையாக வறுத்துத் தனியே எடுத்துவையுங்கள்.

அதே பாத்திரத்தில் மீதி எண்ணெயை விட்டு வெங்காயத்தை 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். அடியில் ஒட்டத் தொடங்கினால் எண்ணெயைச் சேர்க்காதீர்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் போதும், கறி விட்டுப்போன பழுப்பு முழுவதும் வெங்காயத்தில் ஏறிவிடும். பூண்டு ஒரு நிமிடம், தக்காளி பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வரும்வரை 2 நிமிடம். இப்போது தூள்களைப் போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள். சீரகத்தின் வாசமும் மிளகாயின் நிறமும் எண்ணெயில்தான் இறங்கும். தண்ணீரில் நேரடியாகத் தூவினால் பச்சை வாடை கடைசிவரை போகாது. பாப்ரிகா சட்டென்று கருகிக் கசக்கும் என்பதால் நறுக்கிய தக்காளியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, வாசம் வந்ததும் கொட்டிவிடுங்கள்.

குடைமிளகாய், கேரட், பாதி உப்பு சேர்த்து சிறு தீயில் 25 நிமிடம். பிறகு வெந்த ராஜ்மா, வறுத்த கறி, எடுத்துவைத்த தண்ணீர் சேர்த்து, மூடியைச் சற்று விலக்கிவைத்து இன்னும் 20 நிமிடம். ராஜ்மாவில் அரை கப்பை மட்டும் மசித்துப் போட்டால் மாவு கரைக்காமலே கெட்டியாகும். இறக்குவதற்கு முன் மீதி உப்பு, இறக்கிய பிறகு 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. புளிப்பு கடைசியில் சேர்ந்தால் உப்பு குறைவாக இருப்பது நாக்குக்குத் தெரியாது. சர்க்கரை இல்லாத கொக்கோ தூள் 1 டீஸ்பூன் போடுகிறவர்களும் உண்டு. நிறமும் ஆழமும் கூடும், போட்டுப் பார்க்கலாம்.

செய்த அன்றைக்குக் காரமும் புளிப்பும் தனித்தனியாகத் தெரியும். மறுநாள் எல்லாம் ஒன்றாகிவிடும், சற்றுக் கெட்டியும் படும். முன்கூட்டியே செய்துவைக்க இது தோதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவையும் மற்ற எல்லாவற்றையும் போட்டு 8 மணி நேரம் குறைந்த சூட்டில் வைத்தோம். பயறு ஓரளவு மெத்தென்றுதான் இருந்தது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி. கறி கெட்டிருக்குமா?
— ஒரு வாசகர்

கறியைவிட ராஜ்மாவின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் நிறைய இருக்கிறது. நான்கைந்து பயறு வேகாமல் உள்ளே போனாலே போதும், 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டல், கடும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு வரும். நீங்கள் சொல்லும் நேரக்கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். ஆனாலும் குழந்தைகளும் முதியவர்களும் வாந்தியில் நீர் வற்றிச் சோர்ந்துபோனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தப் புரதம் 100 டிகிரியில் தளதளவென்று கொதிக்கும்போதுதான் அழிகிறது. ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் உள்ளே கொதிநிலை வராமலே போகலாம். 80 டிகிரி அளவில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் பயன் இல்லை. அந்தச் சூட்டில் நச்சு பச்சைப் பயறில் இருப்பதைவிடக் கூடிவிடுவதும் உண்டு. பயறு மெத்தென்று ஆகிவிட்டது என்பதை நம்பவும் கூடாது. மெத்தென்று ஆவதற்கு அந்தச் சூடு போதும், நச்சு அழியப் போதாது.

முறை இதுதான்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து முழுக் கொதி வந்தபிறகு 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன்பின் ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். வெள்ளை ராஜ்மாவில் இந்தப் புரதம் சிவப்பைவிடக் குறைவு என்றாலும் அதற்கும் இதே முறைதான். டின்னில் வரும் பீன்ஸ் ஏற்கெனவே உயர்ந்த சூட்டில் வெந்தது என்பதால் நேராகப் போடலாம். பிரஷர் குக்கரில் சூடு கொதிநிலைக்கு மேலே போவதால் அதிலும் இந்தக் கவலை இல்லை, முழுதாக வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: இரவெல்லாம் ஊறவைத்த ராஜ்மாவைத் தக்காளியோடு சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் கடுக்கென்று இருக்கிறது. ஏன்?

தக்காளிதான் காரணம். பயறின் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பயறு வேகும். புளிப்பில் பெக்டின் கரையாது. வினிகர், எலுமிச்சை, தக்காளி எதுவானாலும் பயறு முழுதாக வெந்த பிறகே சேர வேண்டும். அரைவேக்காட்டில் தக்காளியைச் சந்தித்த பயறு அந்த நிலையிலேயே நின்றுவிடும்.

வெந்ததா என்று பார்க்க ஐந்து பயறை வெவ்வேறு இடத்திலிருந்து எடுங்கள். ஒன்றை விரலால் நசுக்கினால் தோலோடு சேர்ந்து வெண்ணெய்போல் குழைய வேண்டும். இன்னொன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புபோல் வெளுத்த ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். ஐந்தில் ஒன்று கடினமாக இருந்தாலும் அடுப்பை அணைக்காதீர்கள்.

தண்ணீர் கடினத்தன்மை உள்ளதாக இருந்தாலும் இதே தொல்லை வரும். வேகும் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் சரியாகும். பல மாதம், வருடம் என்று டப்பாவில் கிடந்த பயறுக்கு எந்த வைத்தியமும் முழுதாகப் பலிப்பதில்லை. அதைப் புதுப் பயறோடு கலந்து வேகவைக்காதீர்கள், ஒன்று குழையும்போது மற்றொன்று கல்லாக நிற்கும்.

குக்கரில் என்றால் பயறும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்குமேல் போகக் கூடாது, நுரை பொங்கி வால்வை அடைக்கும். நன்றாக ஊறிய ராஜ்மாவுக்கு அழுத்தம் முழுதாக ஏறியபின் சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறுவதால் நிமிடத்தை நம்புங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் தானாக அடங்கவிட்டால் தோல் வெடிக்காது.

கேள்வி: ஓர் ஆங்கிலக் குறிப்பில் ‘சில்லி பவுடர் 3 டேபிள்ஸ்பூன்’ என்று இருந்தது. அப்படியே போட்டோம். வாயில் வைக்க முடியவில்லை.
— புதிதாகச் சமைக்கும் தம்பதி

அமெரிக்கக் குறிப்புகளில் அந்தப் பெயரில் வருவது தனி மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டுத்தூள், ஆரிகானோ, சில சமயம் உப்பும் கலந்த மசாலாத்தூள். அதனால்தான் டேபிள்ஸ்பூன் கணக்கில் போடுகிறார்கள். நம் கையில் இருக்கும் வெறும் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் காரம் பல மடங்காகிவிடும். அந்த 3 டேபிள்ஸ்பூனுக்கு ஈடாக முதல் பதிலில் சொன்ன மசாலாக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். புகை வாசம் வேண்டுமென்றால் புகையூட்டிய பாப்ரிகாவோ, பழுத்த ஹாலபீனோ மிளகாயைப் புகையில் உலர்த்திச் செய்யும் சிபோட்லேயோ கொஞ்சம் சேர்க்கலாம்.

செய்ததைக் கொட்ட வேண்டாம். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, ஆகவே தண்ணீர் ஊற்றினால் சில்லி நீர்த்துப்போகும், எரிச்சல் அப்படியே இருக்கும். வெந்த ராஜ்மா ஒன்றரைக் கப்பும் தக்காளி 400 கிராமும் மிளகாய் இல்லாமல் தனியே கொதிக்கவைத்து அதோடு கலந்துவிடுங்கள். பரிமாறும்போது தட்டில் ஒரு கரண்டி கெட்டித் தயிர். பாலில் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை போட்டு மறைப்பதை டயட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: நாங்கள் கறி சாப்பிடுவதில்லை. சைவமாகச் செய்தால் புரதம் போதுமா?

கறிக்குப் பதில் 100 கிராம் சோயா குருணையும் (மீல்மேக்கரைப் பொடித்ததுபோல் இருக்கும்) 300 கிராம் காளானும் போடுங்கள். சோயாவை உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மறுபடி பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போகும். பிழிவதில் சோம்பல் பட்டால் உள்ளே தங்கிய நீர் மசாலாவை உறிஞ்ச இடம் தராது.

காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் காய்ந்த பாத்திரத்தில் போட்டு நீர் வற்றும்வரை வறுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெயும் பிழிந்த சோயாவும் சேர்த்துச் சிவக்க வறுங்கள். காளானில் இயற்கையாக உள்ள குளூட்டமேட் என்ற சுவைப்பொருள், கறி இல்லாத குறையைப் பெருமளவு ஈடுகட்டும். பங்குக்குச் சுமார் 285 கலோரி, 21 கிராம் புரதம் வரும்.

கேள்வி: டயட் செயலியில் எழுதும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. ஒரு பங்கின் கலோரியைச் சரியாக எப்படிக் கண்டுபிடிப்பது?
— எடையைக் குறைத்துவரும் கல்லூரி மாணவி

சமைக்கத் தொடங்கும் முன் வெறும் பாத்திரத்தை எடைபோட்டு எழுதிவையுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் கடைசியில் கரண்டிக் கணக்குக்குப் போகிறார்கள். பொருள்களைப் பச்சையாக, சமைப்பதற்கு முன் எடைபோட்டுச் செயலியில் போடுங்கள். முதல் பதிலில் உள்ள அளவுக்கு ராஜ்மா சுமார் 665, கோழி 600, எண்ணெய் 120, காய்கறி, தக்காளி, மசாலா எல்லாம் சேர்ந்து 520 என்று மொத்தம் 1,900 கலோரிக்குச் சற்று மேலே வரும். ஆறாகப் பிரித்தால் பங்குக்குச் சுமார் 320 கலோரி, 30 கிராம் புரதம், 9 கிராம் அளவுக்கு நார்ச்சத்து.

சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடைபோடுங்கள். வெறும் பாத்திரம் 1,150 கிராம், சில்லியோடு 3,550 கிராம் என்றால் சில்லி 2,400 கிராம். ஆறு டப்பாவிலும் 400 கிராம் வீதம் தராசில் வைத்தே ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றுவது முக்கியம். கறியும் பயறும் அடியில் தங்கும், முதல் டப்பாவுக்குக் குழம்பும் கடைசி டப்பாவுக்குக் கறியும் போய்விடும்.

உங்கள் கணக்கு மாறுவதற்கு ராஜ்மாதான் காரணமாக இருக்கும். காய்ந்த ராஜ்மா 100 கிராமுக்கு 330 கலோரிக்கு மேல், வெந்தது 127. வெந்த 500 கிராமைக் காய்ந்த பயறின் கணக்கில் எழுதினால் மொத்தத்தில் 1,000 கலோரி கூடுதலாகக் காட்டும். மேலே தூவுகிறதையும் விடாதீர்கள். 30 கிராம் சீஸ் என்பது ஏறக்குறைய 120 கலோரி. அதற்குப் பதில் கெட்டித் தயிரும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் போதும்.

கேள்வி: பெரிய பாத்திரத்தில் செய்து, இரவு முழுதும் அடுப்பின் மேலேயே ஆறவிட்டு, காலையில் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். மூன்றாம் நாள் புளித்துவிடுகிறது. மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தால் சாப்பிடலாமா?

கூடாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புளிப்பு வாடை வந்ததால் உங்களுக்குத் தெரிந்தது. வாடையே வராமல் கெடுவதுதான் இதைவிட ஆபத்து. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். கறியும் பயறும் நிறைந்த கெட்டியான குழம்பு மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்து வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தில் மேல்பக்கம் ஆறிவிட்டதுபோல் இருந்தாலும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு தங்கும். பேசில்லஸ் சீரியஸ் போன்ற வேறு சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது.

60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் உணவு நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வேலை. அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் நிரப்பிய தொட்டியில் இறக்கி அடிக்கடி கிளறுங்கள். ஆவி அடங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் ஊற்றி, மூடியைச் சற்றுத் திறந்துவைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். முழுதாகக் குளிர்ந்த பிறகு மூடியை அழுத்திவிடலாம். சூடாக எதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருக்க வேண்டாம். சிறு டப்பாக்களில் வெதுவெதுப்பாக வைத்தால் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது, டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டால் போதும். இறக்கியதிலிருந்து ஃப்ரிட்ஜுக்குள் போகும்வரை 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான்.

ஃப்ரிட்ஜில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே 3 முதல் 4 நாள். ஞாயிறு செய்தது புதன்வரை. வியாழன், வெள்ளிக்கு உரியதை ஞாயிறன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், புதனன்று மிஞ்சியதைத் தூக்கி வைப்பதில் பயனில்லை. சாப்பிடப்போகும் பங்கை மட்டும் எடுத்து, 2 ஸ்பூன் தண்ணீர் விட்டு, நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை, அதாவது நடுவிலும் கொதித்துக் குமிழி வரும்வரை, சூடாக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்தி ஒருமுறை கிளற வேண்டும். சூடாக்கி மீந்ததை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த கண்ணாடிப் பாட்டில் விரிசல் விட்டது. இன்னொரு டப்பாவில் எடுத்த சில்லி தண்ணீரும் சக்கையுமாகப் பிரிந்துபோனது. எதில் வைப்பது?

தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவுக்கு விரியும். கழுத்து குறுகிய பாட்டிலில் அந்த விரிவுக்கு இடமில்லை. உடைந்த பாட்டிலில் இருந்த சில்லியைச் சலித்துச் சாப்பிட நினைக்காதீர்கள், கண்ணாடித் துகள் பயறுக்குள் தெரியாது. நேர்ச்சுவர் உள்ள டப்பாவில் மேலே 2 சென்டிமீட்டர் காலிவிட்டு வையுங்கள். இதைவிட நல்ல வழி, ஃப்ரீசருக்கென்று வரும் ஜிப் பை. ஒரு பங்கை ஊற்றி, காற்றை வழித்து வெளியேற்றி, தட்டில் படுக்கவைத்து 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி உறையவையுங்கள். உறைந்தபின் புத்தகம்போல் நிறுத்தி அடுக்கலாம். உறைவதும் சீக்கிரம், உருகுவதும் சீக்கிரம். தேதியையும் எடையையும் நிரப்புவதற்கு முன்பே பையில் எழுதிவிடுங்கள், ஈரப்பையில் பேனா எழுதாது.

தண்ணீர் பிரிந்ததற்குக் குடைமிளகாய், தக்காளியின் செல்கள் உறைவில் உடைந்தது ஒரு காரணம். சோளமாவோ மைதாவோ கரைத்துக் கெட்டியாக்கியிருந்தால் அதுவும் உருகும்போது நீர் விடும். மசித்த ராஜ்மாவால் கெட்டியாக்கினால் அவ்வளவாகப் பிரியாது. உருளைக்கிழங்கு போடாதீர்கள், பஞ்சுபோல் ஆகிவிடும். தயிர், சீஸ், கொத்தமல்லித்தழை, வெண்ணெய்ப்பழம் எல்லாம் பரிமாறும்போதுதான். பிரிந்ததை மூடாமல் 5 நிமிடம் கொதிக்கவிட்டால் ஓரளவு சேர்ந்துகொள்ளும்.

−18 டிகிரியில் 2, 3 மாதம் ருசி கெடாமல் இருக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள், சமையல் மேடையில் வைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் திறக்காத முழு ஃப்ரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். ஃப்ரிட்ஜ் தாங்குவது 4 மணி நேரம்தான்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தம். டின் பீன்ஸ் போடலாமா? உப்புக்குப் பதில் ‘சோடியம் குறைந்த உப்பு’ போடலாமா?

டின் பீன்ஸைச் சல்லடையில் கொட்டி ஓடும் தண்ணீரில் அலசினால் அதன் உப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். 400 கிராம் டின்னில் வடிகட்டியபின் கிடைப்பது 240 கிராம்தான், கணக்குக்கு இரண்டு டின் வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைச் சொல்கிறது. எங்கள் அளவில் பங்குக்கு 1½ கிராம் வருகிறது. அதைப் பாதியாக்கி, எலுமிச்சையையும் வறுத்த சீரகத்தையும் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.

சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். ராஜ்மாவிலும் தக்காளியிலும்கூடப் பொட்டாசியம் அதிகம் என்பதால் அப்பாவின் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: சில்லி சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது.

ராஜ்மாவிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை. பெருங்குடலின் கிருமிகள் அவற்றை நொதிக்கவைப்பதால் வாயு வருகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், குழைய வேகவையுங்கள், முதல் வாரம் அரை கப் அளவோடு நிறுத்தி மெல்லக் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கும் பழகிவிடுகிறது.

கேள்வி: எப்படிக் கிளறினாலும் அடிப்பிடிக்கிறது. மின்சார பிரஷர் குக்கரில் வைத்தாலும் ‘அடிப்பிடிக்கிறது’ என்று காட்டி நின்றுவிடுகிறது.

எண்ணெய் குறைவாக இருக்கும்போது தக்காளியும் மாவுச்சத்தும் அடியில் படிவது இயல்பு. வதக்கி முடித்ததும் அரை கப் தண்ணீர் விட்டு, மரக்கரண்டியால் அடியை ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல் சுரண்டிவிட்டுத்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். மின்சாரக் குக்கரில் தக்காளியையும் பேஸ்ட்டையும் கலக்காமல் எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றி மூடுங்கள், திறந்த பிறகு கலக்கிக்கொள்ளலாம். மசிக்கிற ராஜ்மாவும் அழுத்தம் இறங்கிய பிறகே சேரட்டும்.

பிடித்துவிட்டது என்று வாசம் சொன்னவுடனே கிளறுவதை நிறுத்துங்கள். அடியைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மொண்டு மாற்றி, சிறிது எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். கருகல் ஏறாமல் இருந்தால் ஒரு கப் வெந்நீர் விட்டு அங்கே தொடரலாம். அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீரும் 1 டேபிள்ஸ்பூன் சமையல் சோடாவும் விட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால், கருகல் மரக்கரண்டிக்கே பெயர்ந்து வந்துவிடும்.